பகிரும் விரலுக்கும் பங்குண்டு

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், உறவினருடன் கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து, கூடிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. குழந்தைக் கடத்தல் பற்றிய வதந்திகள் அப்போது வாட்ஸ்அப்பில் பரவிக்கொண்டிருந்தன.

அடித்தவர்களைக் கொடியவர்கள் என்று கூறி நாம் ஒதுங்கிவிடுகிறோம். பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால் வதந்தியைப் பகிர்ந்த பெற்றோருக்கு அதில் பங்கில்லையா?

தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆன் (49:6) கட்டளையிடுகிறது. அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரும் என்றும் எச்சரிக்கிறது. கொண்டுவந்தவர் யாரென்றே தெரியாத செய்தியில் நமக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

குடும்பக் குழுமத்திற்கு அடுத்து வரும் அச்சமூட்டும் செய்தி, விசாரிக்கப்படும்வரை நம் கையோடு நிற்கட்டும். அல்லாஹ் நம் நாவையும் விரலையும் பாதுகாப்பானாக!