காசல்ஸின் தொழிலாளர் சபை

பாப்லோ காசல்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் சங்கீத அபிமானிகள் பலருடைய நினைவில் முதலில் எழுவது, ஸ்பெயினில் ஃபிராங்கோ நடத்திய சர்வாதிகாரத்தை ஏற்றுக்கொண்ட நாடுகளில் செல்லோ வாசிப்பதில்லை என்று அவர் பூண்ட விரதமேயாகும். அந்த மௌனம் மகத்தானது. ஆயினும், அதற்கு முன்பே பார்ஸலோனா நகரில் அவர் செய்த ஒரு காரியத்தை அதற்கும் மேலாகப் போற்றவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1876ஆம் ஆண்டு கத்தலோனியாவின் வெந்ட்ரெல் என்னும் ஊரில், மாதாகோயிலில் ஆர்கன் வாசிப்பவரின் மகனாகப் பிறந்த காசல்ஸ், பதின்மூன்றாம் வயதில் பார்ஸலோனாவின் பழைய கடையொன்றில் பாக் இயற்றிய ஆறு செல்லோ உருப்படிகளின் ஏட்டைக் கண்டெடுத்து, அவற்றைச் சபையில் வாசிக்கத் துணியுமுன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாது அப்பியாசம் செய்தார். வில் பிடிக்கும் கை உடலோடு ஒட்டியே இருக்கவேண்டுமென்று, மாணவனின் அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கி வைத்துப் பாடம் சொல்லிய காலம் அது. அந்தப் புத்தகத்தை எடுத்தெறிந்து, முழங்கையைத் தாராளமாக வீசி வாசித்த சிறுவனின் துணிவுக்கு, இன்று செல்லோ பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் கடமைப்பட்டிருக்கிறது.

உலகெங்கும் வாசித்து ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1920இல் பார்ஸலோனாவில் ஒரு வாத்தியக் குழுவை அமைத்து, அதன் நஷ்டத்தைப் பல ஆண்டுகள் தம் கைப்பணத்தாலேயே ஈடுகட்டிய அவர், தாமே நடத்தும் கச்சேரிகளில் ஆலைத் தொழிலாளிகளின் முகத்தைக் காணாமல் மனம் வருந்தினார். 1926இல் தோன்றிய தொழிலாளர் கச்சேரிச் சங்கம் அந்த வருத்தத்தின் விளைவு. மாதம் 500 பெசெத்தாவுக்குக் குறைந்த வருமானமுள்ளவர்களே அதில் சேரலாம். சந்தா ஆண்டுக்கு 6 பெசெத்தா. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், செல்வந்தர் கேட்ட அதே குழுவை அதே நடத்துநரின் கீழ் அவர்களும் கேட்டார்கள். நாளடைவில் தங்களுக்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். இதைத் தருமம் என்று சொல்ல நான் இசையேன். சொற்பமேயானாலும் சந்தா செலுத்திய உறுப்பினர் அந்த ஆசனத்தில் உரிமையோடு அமர்ந்தார், அந்த உரிமையைக் காப்பாற்றியதே காசல்ஸின் பெருமை.

1936 ஜூலை 18 அன்று, பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பனிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருக்கையில், ராணுவக் கலகம் மூண்டதென்றும் கச்சேரி இல்லையென்றும் ஓர் ஆள் வந்து சேதி சொன்னான். பிரியுமுன் கடைசிப் பகுதியை வாசித்து முடிப்போமா என்று காசல்ஸ் கேட்க, எல்லோரும் இசைந்தார்கள், பாடகர்கள் பாடினார்கள், கண்ணீர் மறைத்தமையால் ஏட்டிலிருந்த ஸ்வரங்கள் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவும் தொழிலாளர் சங்கமும் அக்கலகம் மூட்டிய உள்நாட்டு யுத்தத்தோடு அழிந்தன.

பின்னர் பிரான்சின் பிராத் என்னும் சிற்றூரில் அகதியாக வாழ்ந்து, அகதி முகாம்களில் வாடிய தம் நாட்டு மக்களுக்காக உணவும் உடையும் வேண்டி ஊரூராகக் கடிதம் எழுதிய அந்தக் கை, போர்ட்டோ ரிக்கோவுக்குச் சென்ற பிறகு மறுபடியும் பழைய வேலையையே மேற்கொண்டது. 1958இல் அங்கே ஒரு வாத்தியக் குழு. அடுத்த ஆண்டே ஓர் இசைக்கல்லூரி. அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு.