சிலுவையை எடுக்கச் சொல்லி நாங்கள் கேட்டோமா?

ரியல் மட்ரிட் இலச்சினையின் உச்சியில் ஒரு கிரீடம். கிரீடத்தின் மேல் பொட்டளவு ஒரு சிலுவை. 1920இல் ஸ்பெயின் மன்னர் 13ஆம் அல்போன்சோ 'ரியல்' பட்டத்தோடு கொடுத்த கிரீடம் அது. 1931இல் ஸ்பெயின் குடியரசானபோது கிரீடத்தையே எடுத்தார்கள், 1941இல் திரும்ப வைத்தார்கள். அதுவாவது அந்த நாட்டு அரசியல்.

2017இல் நடந்தது வெறும் வியாபாரம். வளைகுடாவில் ஜேர்சி விற்க எமிரேட்ஸ் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் வந்தது. அங்கே விற்பவற்றில் மட்டும் சிலுவை காணாமல் போனது. கேட்டால் முஸ்லிம்களின் உணர்வுக்கு மதிப்பாம்!

யார் கேட்டது? காத்தான்குடியிலும் புத்தளத்திலும் நள்ளிரவு தாண்டி மெட்ச் பார்க்கும் எங்கள் பிள்ளைகள் கேட்டார்களா? அவர்களுக்கு அங்கே ஒரு சிலுவை இருப்பதே தெரியாது.

இதே கழகம் 2007 முதல் 2013 வரை பிவின் என்ற சூதாட்டக் கம்பனியின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆடியது. சூது ஹராம் என்று குர்ஆன் வெளிப்படையாகச் சொல்கிறது. அப்போது எங்கள் உணர்வு எவருக்கும் ஞாபகம் வரவில்லை. சூதால் காசு வந்தது, சிலுவையால் காசு குறையலாம். இவ்வளவுதான் இவர்களுடைய மதிப்பு.

கார்டிஃப் சிட்டி கதையும் இந்த வகைதான். 'நீலப் பறவைகள்' என்று பெயர் எடுத்த கழகத்துக்கு 2012இல் மலேசிய முதலாளி வின்சென்ட் டான் சிவப்பு ஜேர்சி போட்டுவிட்டார். ஆசியாவில் சிவப்பு எடுபடுமாம். அங்கேயும் எங்கள் தலைதான் உருண்டது. ரசிகர்கள் விடவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. மட்ரிட்டோ தனி முதலாளி இல்லாத, உறுப்பினர்களுக்கே சொந்தமான கழகம். அங்கேயே இப்படி.

அடுத்தவன் உணர்வைக் காரணம் காட்டி ஒருவனுடைய அடையாளத்தை அழிப்பது எப்படியிருக்கும் என்று இலங்கை முஸ்லிம்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. 2013இல் ஹலால் இலச்சினைக்கு என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் நாங்கள். ஸ்பெயின்காரனின் சிலுவை எங்களுக்காக அழிக்கப்பட்டது என்று நாளை ஐரோப்பாவில் ஒருவன் மேடை போட்டுக் கத்தினால், திட்டு வாங்கப்போவது ஜேர்சி விற்றவன் அல்ல.

"சிலுவை போட்ட உடுப்பை முஸ்லிம் உடுக்கலாமா, சேர்?" என்று கீழே ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. கூடாது என்று நினைப்பவர் வாங்காமல் விடட்டும், சந்தேகம் உள்ளவர் ஊர் ஆலிமிடம் கேட்கட்டும். மட்ரிட்டின் விற்பனைப் பிரிவு எங்களுக்கு ஃபத்வா தர வேண்டியதில்லை.