குளிர் கற்பித்த வீடு

குளிர்நாட்டு வீடு என்றதும், துருவப் பகுதியில் இன்யூட் மக்கள் வேட்டைக் காலத்தில் கட்டிய பனிவீடே நம் நினைவுக்கு வருகிறது. பாடநூல் தந்த பழக்கம் அது! கெங்கவல்லி வெயிலில் வாடும் நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நமது மாநிலத்திலேயே, நீலகிரியில், குளிர் கற்பித்த வீடு ஒன்று உண்டு.

உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கே புல்நுனியில் உறைபனி படியும். அம்மலையில் வாழும் தோடர்கள் மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்து, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போல் வீடு அமைத்தனர். வாயிலோ தவழ்ந்து நுழையும் அளவே! வாடைக்காற்று எளிதில் புகாது; அடுப்பின் சூடும் எளிதில் வெளியேறாது. சோலையும் ஓடையும், எருமை மேயப் புல்வெளியும் அருகிருக்கும் இடத்திலேயே அவர்தம் ஊராகிய ‘மந்து’ அமைந்தது.

1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து ஆங்கிலேயர் குடியேறினர். அதே குளிருக்கு அவர்கள் கண்ட விடை வேறு: கணப்பு அடுப்புடன் கூடிய வீடு. கணப்புக்கு விறகு வேண்டுமே! சோலைகள் வெட்டுண்டன. பின்னர் விறகுக்காகவே ஆஸ்திரேலியச் சீகையும் யூகலிப்டஸும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னும் மரநடவு தொடர்ந்தது. தேயிலையும் உருளைக்கிழங்கும் பரவின. புல்வெளிகள் சுருங்கின, கூரைப் புல் அரிதாயிற்று. இன்று தோடரில் பெரும்பாலோர் வாழ்வது சிமெண்டு வீடுகளில்.

‘தட்பவெப்பமே குடியிருப்பைத் தீர்மானிக்கிறது’ என்று தேர்வில் எழுதுகிறோம். அது பாதி உண்மையே என்பேன். நீலகிரியில் குளிர் இன்னும் இருக்கிறது, போனது புல். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று குளிர் சொல்லும். அதைக் கட்டப் பொருள் தருவது நிலம். நிலத்தை மாற்றியவன் மனிதன்.

சிமெண்டு வீடே கூடாதென்று நான் கூறவில்லை. ஒழுகாத, தீப்பற்றாத வீட்டை விரும்ப எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் உதகைக்கும் கெங்கவல்லிக்கும் ஒரே வரைபடம் எதற்கு? அங்கே மெல்லிய சுவர் குளிரை உள்ளே விடுகிறது. இங்கே சித்திரை வெயிலில் காய்ந்த தளம் நள்ளிரவிலும் அனல் கக்குகிறது. நம் பக்கத்துப் பனையோலைக் கூரைகள் குறைந்துவிட்டதும் இத்தகைய கதையன்றோ?

மாணவ நண்பர்களே! ஓலை வேயவும் மண்சுவர் எழுப்பவும் தெரிந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் அறிவைக் கேட்டுக் குறித்து வைப்போம். நாளை வீடு கட்டப்போகிறவர்கள் நாம்தாமே!