வட்டவளையின் வரட்சியும் தேயிலைச் செடியின் தற்காப்பும்

இலங்கையில் மழைவீழ்ச்சி மிக அதிகமாகப் பதிவாகும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இப்பிரதேசத்தில் தேயிலை வரட்சியால் வாடுகின்றது எனக் கூறினால் வெளியூரார் வியப்படையக்கூடும். ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும் நீரில் பெரும்பகுதி செங்குத்தான சரிவுகளில் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடுகின்றது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை விலகி நிற்கும்போது, தலைமுறை தலைமுறையாக அரிக்கப்பட்டு மெலிந்துபோன மண்ணில் ஈரம் நிலைப்பதில்லை. கொழுந்து குறைகின்றது. அதனுடன் தொழிலாளியின் வருமானமும் குறைகின்றது.

இக்காலத்தில் தேயிலைச் செடியினுள் நிகழ்வது யாது என்பதை நாம் அறிந்து வைத்திருப்பது அவசியமாகும். மண் வரண்டதும் செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோனின் அளவு உயர்கின்றது. 1960களில் இனங்காணப்பட்ட இவ்வோமோன் கலத்தினுள் எவ்வாறு உணரப்படுகின்றது என்பது 2009ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. சாதாரண நாட்களில் ஒரு புரதம் காவலாளியைப்போல் மற்றொரு நொதியத்தை இயங்கவிடாது தடுத்து வைத்திருக்கின்றது. ஓமோன் வந்து தனது வாங்கியுடன் இணைந்ததும் அக்காவலாளி பிடிபடுகின்றார், நொதியம் விடுபடுகின்றது. அது வரட்சியைத் தாங்கும் பரம்பரையலகுகளைத் தொழிற்படச் செய்கின்றது. கலங்களைப் பாதுகாக்கும் புரதங்கள் உருவாகின்றன. மறுபுறம், இலைவாய்களைச் சூழ்ந்துள்ள காவற்கலங்களிலிருந்து பொற்றாசியம் வெளியேற, அவ்வாய்கள் மூடிக்கொள்கின்றன.

இங்குதான் சிக்கல் உள்ளது. இலைவாய் மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் காபனீரொட்சைட்டு உட்புக வழியில்லை. உணவு உற்பத்தி தளர, தளிர்கள் உறங்கிவிடுகின்றன. செடி உயிர் பிழைப்பதற்காகக் கொழுந்தைக் கைவிடுகின்றது. ஓமோனைத் தெளித்துவிட்டால் வரட்சியை வெல்லலாமே எனக் கேட்போருக்கும் இதுவே பதில்: செடி காப்பாற்றப்படலாம், கூடை நிறையாது.

ஆகவே வரட்சி மாதங்களில் நிர்ணயிக்கப்பட்ட கிலோவைப் பறிக்காத பெண்ணுக்கு அரைப்பேர் போடுவது எவ்வகையில் நியாயமாகும்? மலையில் இல்லாத கொழுந்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? சம்பளம் சுருங்கும்போது லயத்து அடுப்பு மட்டுமன்றி, கடனுக்குப் பொருள் கொடுத்துவிட்டுச் சம்பள நாளை எதிர்பார்த்திருக்கும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களின் கடைகளும் சேர்ந்தே தளர்கின்றன.

எல்லாச் செடிகளும் ஒரே விதமாக வரட்சியை எதிர்கொள்வதில்லை. 1925இல் தோற்றம்பெற்று இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வகைகளுள் டி.ஆர்.ஐ. 2025 வரட்சியைத் தாங்கவல்லது, டி.ஆர்.ஐ. 2023 அவ்வாறன்று. கரும்பிலும் இதே ஓமோன் இதே பணியைச் செய்கின்றது. நூறுக்கு மேற்பட்ட நிறமூர்த்தங்களைக் கொண்ட கரும்பின் முழுமையான பரம்பரை வரைபடம் 2024இலேயே வெளியாகியது. முப்பது நிறமூர்த்தங்களே உள்ள தேயிலைக்கு அதன் வரைவு 2017இலேயே கிடைத்துவிட்டது. எந்தச் செடி வரட்சியைத் தாங்கும் என்பதைத் தவறணையிலேயே பிரித்தறியும் முயற்சிக்கு இது பேருதவியாகும். (பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு வளர்ப்போர் நமது அயலவரே, இரு பயிர்களின் ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்தால் குறையேதும் வந்துவிடாது.)

ஆனால் நல்ல வகை தவறணையில் இருந்து பயனென்ன? ஆண்டுக்கு 2 வீதமாவது மீள்நடுகை செய்யப்பட வேண்டும் எனப் பல காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. பெருந்தோட்டங்கள் அதனை எட்டுவதில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கி, மண்ணைத் தேற்றப் புல் வளர்த்து, கன்று நட்டுக் கொழுந்து காணும்வரை நான்கைந்து ஆண்டுகள் அந்த மலையில் வருமானமில்லை. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிவடைகின்றது. எஞ்சியுள்ள காலத்தைக் கணக்கிடுவோர் அரை நூற்றாண்டு வாழும் செடிக்குப் பணம் செலவிடத் தயங்குவதில் வியப்பில்லை.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பொற்றாசிய உரமும் நின்றுபோனது. இலைவாய்களைத் திறந்து மூடுவதற்கே தேவையான பொருளைச் செடிக்கு மறுத்தோம். 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேசிய உற்பத்தி, 2022இல் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. விஞ்ஞானிகளைக் கேளாது எடுக்கப்படும் முடிவின் விலையை லயத்தில் வாழ்வோரே முதலில் செலுத்துகின்றனர்.

குத்தகைக் காலத்தை நீடிப்பது பற்றிப் பேசும்போது, வரட்சி தாங்கும் வகைகளை மீள்நடுகை செய்வதை நிபந்தனையாக்குமாறு அரசாங்கத்தை நாம் கேட்டுக்கொள்கின்றோம். அவ்வகைகள் ஒன்றுக்கு மேற்பட்டனவாக இருத்தல் வேண்டும். ஒரே வகையை மலையெங்கும் நட்டால் ஒரே நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். வரட்சி மாதங்களில் கிலோ அளவைக் குறைத்து முழுப்பேர் வழங்கும் ஏற்பாட்டை, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.