கடைசல் பட்டறைக் கழிவும் கிணற்று ஜலமும்

கோயமுத்தூர்ப் பிரதேசத்தில் பம்புகளும் மோட்டார்களும் செய்யும் கடைசல் பட்டறைகள் அநேகம். தோட்டக்கால்களை யொட்டிய கொட்டகையைப் பட்டறைக்கு வாடகைக்கு விடும் நிலச்சொந்தக்காரர், வாடகையைக் கணக்கிடுகிற அளவுக்கு அங்கிருந்து வெளியேறும் கழிவைக் கவனிப்பதில்லை. லேத்துகளில் உபயோகித்து நாள்பட்டுப்போன கூலண்ட் என்னும் வெண்ணிறத் தண்ணீரைப் பின்புறத்து மண்ணிற் கொட்டினால், சோப்புத் தண்ணீர்தானே என்று சும்மா இருந்துவிடுகிறார். இந்த எண்ணம் முற்றிலும் தவறானது.

இரும்பைக் கடையும்போது உளிமுனை கடுமையாய்ச் சூடேறி மழுங்கும். உளியின்மேல் தாரையாக நீர் விட்டால் கடையும் வேகத்தை 100-க்கு 30 முதல் 40 வரை கூட்டலாமென்று அமெரிக்க எஞ்ஜினீயர் டெய்லர் 1907-ல் வெளியிட்டார். வெறும் நீரால் துருப்பிடிக்கும், வழுவழுப்பும் போதாது. ஆகையால் எண்ணெயைச் சோப்புப் போன்ற பொருள்களால் நுண்துளிகளாக்கி நீரில் கலக்கும் முறை பரவிற்று. கரையும் எண்ணெய் என்பது பெயர் மாத்திரமே. பாலில் வெண்ணெய் நிற்பதுபோல் அது நீரில் நிற்கிறது. மண்ணெண்ணெயும் சோப்பும் கூட்டிப் பூச்சிகளுக்குத் தெளித்த பழைய மருந்தை அறிந்த குடியானவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அம்மருந்தின் காரம் மிஞ்சினால் இலை கருகுவதையும் அவர்கள் அறிவார்கள்.

தனி எண்ணெய் நீரின்மேல் மிதக்கும், வழித்தெடுத்துவிடலாம். கூலண்டிலுள்ளதோ நீரோடு கூடவே மண்ணில் இறங்கும். 100-க்கு 5 பங்கு எண்ணெய் சேர்ந்த கலவையில் 100 லிட்டரைக் கொட்டினால், 5 லிட்டர் எண்ணெயைக் கொட்டியதாகும். மண்கட்டிகளில் எண்ணெய் படிந்தால் பாய்ச்சிய நீர் ஒட்டாது. மண்ணின் நுண்ணுயிர்கள் அவ்வெண்ணெயைத் தின்று பெருகுகையில், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்வதால் பயிர் வெளுக்கும். குட்டையில் விழுந்தால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மாளும்.

எண்ணெயாவது காலக்கிரமத்தில் சிதையும். உலோகம் சிதையாது. வெண்கலமும் பித்தளையும் கடைந்த கூலண்டில் செம்பும் துத்தநாகமும், சில சமயம் ஈயமும், எவர்சில்வர் கடைந்ததில் நிக்கலும் குரோமியமும் நுண்தூளாகச் சேர்ந்திருக்கும். கூலண்ட் கெடாதிருக்கச் சேர்க்கும் கிருமிநாசினிகள் வேறு. சிலவகை எண்ணெய்களிற் சேர்த்துவந்த குளோரின் ஏறிய குறுந்தொடர்ப் பாரபின் என்னும் பொருள், எளிதில் அழியாத நஞ்சென்று 2017-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆமணக்கெண்ணெய், புங்கெண்ணெய் முதலியவற்றால் செய்த கூலண்ட் தீங்கற்றதென்று சிலர் சொல்வர். புதிதாயிருக்கையில் அது மண்ணில் விரைவிற் சிதையுமென்பது மெய்யே. ஆனால் லேத்தில் உபயோகித்தபின் அதிலும் அதே உலோகத்தூள் உண்டு. வரப்பிற் களை கருகட்டும் என்று பட்டறைக் கழிவைக் கேட்டு வாங்கும் குடியானவர் தம் நிலத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

சிறு பட்டறைக்காரருக்குச் சக்தியில்லை என்னும் ஆட்சேபத்தை அடியோடு தள்ளலாகாது. எனினும் மிதக்கும் கசிவெண்ணெயை அன்றாடம் வழித்து, தூளை வடித்து, கலவையின் அளவைச் சரிபார்த்துவந்தால் கூலண்ட் நெடுநாள் உழைக்கும், கழிவும் குறையும். இது செலவல்ல, லாபம். மீந்த கழிவை நாலைந்து பட்டறைகள் கூடிப் பீப்பாய்களிற் சேர்த்து, அனுமதி பெற்றவரிடம் ஒப்படைக்கலாம். உபயோகித்துக் கழித்த எண்ணெயை 2016-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் அபாயகரமான கழிவுகளில் சேர்த்திருக்கின்றன.

வாடகைச் சீட்டு எழுதும்போதே, கழிவைக் கொட்டலாகாதென்றும், உலோகச் சுருள்களைக் கூரையின்கீழ்த் தளத்தின்மேல் குவிக்கவேண்டுமென்றும் நிலச்சொந்தக்காரர் எழுதி வாங்கவேண்டும். கிராம அதிகாரிகள் பட்டறையின் முன்வாசலோடு நில்லாது பின்புறத்தையும் பார்த்துவருதல் நலம். முதல் மழையில் அந்தச் சுருட்குவியலிலிருந்து வழியும் நீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறதென்பதை அப்பொழுதே கண்டுகொள்ளலாம்.