அவர் கேட்கும்வரை ஏன் காத்திருந்தோம்?

பதினாறு ஆண்டுகளாகச் சென்னையில் வாகனங்களுக்கு சர்வீஸ் மேனுவல் எழுதி வருகிறேன். கிளட்ச் அத்தியாயத்தில் 'மாஸ்டர் சிலிண்டர்', 'ஸ்லேவ் சிலிண்டர்' என்று எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கே இல்லை. பெடலை மிதித்தால் மாஸ்டரிலிருந்து எண்ணெய் குழாய் வழியாகப் போய் ஸ்லேவைத் தள்ளும், கிளட்ச் விடுபடும். ஒர்க் ஷாப்பிலும் இதே பெயர்கள்தான். ஸ்லேவ் என்றால் அடிமை என்பது ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, எங்கள் வரைவை டெட்ராய்டிலிருந்து ஒரு பெண் எழுத்தாளர் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். "இதை ரிலீஸ் சிலிண்டர் என்று போடலாமா? என் பாட்டியின் பாட்டியை விலைக்கு விற்றார்கள்" என்றார். ஒன்பது பேர் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அந்த மௌனம் இன்னும் என்னைக் குத்துகிறது.

எங்கள் தொழிலில் கறுப்பினத்தவர் நேற்று வந்தவர்கள் இல்லை. லூயிஸ் லாட்டிமர் 1848-இல் பிறந்தவர். அவருடைய தந்தை வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து தப்பியவர். காப்புரிமை வழக்கறிஞர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்த லாட்டிமர், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே வரைபடக் கலையைக் கற்றார். கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்கு 1876-இல் படம் வரைந்தது அவர் கைதான். பின்னர் மாண்ட்ரியலில் மின்விளக்கு அமைக்கப் போனபோது, அங்கே தொழிலாளர்கள் பேசியது பிரெஞ்சு. பகலில் கம்பம் ஏறினார். இரவில் பிரெஞ்சு படித்தார். வேலைக் குறிப்புகளை அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டுமே! மேனுவல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட மேலான பாடம் எனக்குத் தெரியாது. எடிசனின் மின்விளக்கு முறையை விளக்கி 1890-இல் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. பல்பு என்றதும் எடிசன் பெயரைச் சொல்லும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் லாட்டிமரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

லாட்டிமரின் தொழிலைத் தொடர்ந்த அந்த டெட்ராய்ட் பெண், தன் முன்னோரின் வலியைச் சொல்லித்தான் எங்களை ஒரு சொல்லை மாற்ற வைக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றியது எங்கள் தவறு. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நிர்வாகம் கருவிகளில் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்ற சொற்களைத் தவிர்க்குமாறு விற்பனையாளர்களிடம் 2003-லேயே கேட்டுக்கொண்டது. மென்பொருள் உலகில் கிட்ஹப் 2020-இல் 'மாஸ்டர்' என்பதை 'மெயின்' ஆக்கியது. எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

அடுத்த பதிப்பில் 'ரிலீஸ் சிலிண்டர்' என்று மாற்றினோம். எந்த மெக்கானிக்கும் குழம்பவில்லை. சென்னையிலும் கோவையிலும் மேனுவல் எழுதும் நண்பர்களே, உங்கள் கோப்பைத் திறந்து 'ஸ்லேவ்' என்ற சொல்லை இன்றே தேடுங்கள்.