இலையே அச்சு, மண்ணே வர்ணம்

மழை ஓய்ந்து வெயில் எழுந்த காலையில் குன்னூர் மலைச்சாலைகளில் பள்ளிக்குச் செல்லும் பாலர்களை நோக்கியவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டிருப்பர். பாதையோரத்து மண்மேட்டில் முளைத்த ஒருவகைப் பெரணியின் இலையைப் பறித்துப் புறங்கைமேல் வைத்து ஓர் அடி அடிப்பர். இலையை எடுத்தால், அதன் அடிப்புறத்து வெண்பொடி நரம்பும் நுனியும் பிசகாமல் வெள்ளிச் சித்திரமாய்க் கையிற் பதிந்திருக்கும். அச்சுக்கலையின் முதற்பாடத்தை இப்பாலர்கள் தாமே கற்றுக்கொண்டனரன்றோ? பள்ளியோ, கையைக் கழுவிவிட்டு உள்ளே வரும்படி அவர்களைப் பணிக்கின்றது.

தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் சித்திர வகுப்பென்பது கரும்பலகையிலுள்ள மாம்பழத்தைப் பார்த்து வரைவதோடு முடிகின்றது. நாம் அறிந்த தோட்டப் பள்ளி ஒன்றில், வர்ணப் பெட்டி கொணராத பிள்ளைகள் அவ்வகுப்பு முழுதும் கைகட்டி வீற்றிருக்கக் கண்டோம். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அப்பெட்டியின் விலை சிறிதன்று. பொருளின்மையால் நேர்ந்த குறையைக் குழந்தையோ, ‘எனக்குச் சித்திரம் வாராது’ எனத் தன் குறையாகவே கொள்கின்றது. நாம் அஞ்சும் கேடு இதுவே.

இம்மலையில் வர்ணத்திற்குப் பஞ்சமுண்டோ? வடித்தெறியும் தேயிலைச் சக்கையைக் கொதிக்கவைத்தால் கபில நிறம். அதில் துருப்பிடித்த ஆணி ஊறிய நீரைச் சேர்த்தால், தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருமை தோன்றும். மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்து சிவப்பதை ஆலத்தித் தட்டில் காணாத குழந்தை இல்லை. சுண்ணாம்பை மட்டும் உபாத்தியாயர் தம் கையாலேயே கலத்தல் வேண்டும். உதகை உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, வெட்டிய முகத்தில் கரண்டி முனையால் கோடு கீறினால் அதுவே அச்சுக்கட்டை. நஞ்சுள்ள செடிகளை முன்னரே அறிந்து விலக்குவதும், உதிர்ந்த இலைகளையே கொள்வதும் ஆசிரியர் கடமை.

இது வெறும் விளையாட்டென்பாரும் உளர். இலையில் மை தடவித் தாளில் ஒற்றும் முறையை லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் இலை அச்சுடனேயே பதிந்து வைத்துள்ளார். 1850-களில் சென்னைக் கோட்டை அரசினர் அச்சகத்துத் தலைவர் ஹென்றி ஸ்மித் என்பார் நம் நாட்டுச் செடிகளையே அச்சாகக்கொண்டு படங்கள் பதித்தனர். தாவர நூலார்க்குப் பயன்பட்ட முறை ஐந்தாம் வகுப்பு மாணவனுக்குப் பயன்படாதோ? இலையின் நரம்பமைப்பை மனப்பாடம் செய்பவன் மறப்பான். தன் கையால் ஒற்றியெடுத்தவன் மறவான்.

சாயம் விரைவில் மங்குமே என்பது மற்றொரு தடை. மங்கும்; மஞ்சள் வெயிலில் வெளிறும். தாளின் பாதியை மூடி, பாதியைச் சன்னலோரம் வைத்துப் பார்ப்பின் அக்குறையே ஒரு விஞ்ஞானப் பாடமாகும்.

நிற்க. இக்கலைக்கு ஆசான்மார் இம்மலையிலேயே வாழ்கின்றனர். ஆலு குறும்பர் வேங்கை மரப் பிசினும், மண்ணும், கரியும், பச்சிலைச் சாறும் கொண்டு சுவரில் சித்திரம் தீட்டிய மரபினர். இன்று தாளிலும் தீட்டுகின்றனர். கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பைப் பக்கத்து எழுத்துப்பாறையின் பழஞ்சித்திரங்களைத் தம் முன்னோருடையன என அவர்கள் போற்றுவர். தோடரின் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. சுற்றுலா வந்தோர் இவற்றை விலைகொடுத்து வாங்கிச் செல்ல, இதே மலையின் பள்ளிக்குழந்தை இவற்றை அறியாது வளர்தல் முறையாகுமா? அம்முதியோரை உரிய ஊதியத்தோடும் மரியாதையோடும் வகுப்பிற்கு அழைக்கவேண்டும். அவர்தம் உருவங்களைப் பிள்ளைகள் நகலெடுக்கும் படிவமாக்கின், மாம்பழத்தின் இடத்தில் வேறொன்றை வைத்ததாகவே முடியும். கற்கவேண்டியது, கண்முன் உள்ளதைக் கொண்டு தன் வாழ்வைத் தீட்டும் துணிவேயாம்.

நம் கல்லூரியிலிருந்து ஆசிரியத் தொழில் ஏற்றுச் செல்லும் நண்பர்காள்! வர்ணப் பெட்டி வந்தபின் பாடம் தொடங்குவோம் எனக் காத்திராதீர். பெரணி பதிந்த கையோடு வரும் பிள்ளையைக் கழுவிவரச் சொல்லுமுன், அக்கையை வகுப்பு முழுதும் காணுமாறு ஒருமுறை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். சித்திரப் பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.